எட்டுக் கழுத்து ஆழமுள்ள படகுத்துறை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்றுதான் இந்த மாதிரிக் கதையைத் தொடங்க வேண்டும். எங்கள் காட்டிலும் இருந்தது. மாற்றலாகிப் போய்விட்டது. அதன் இடத்துக்கு ஒரு சேர்மன் வந்தார். பெயர் வேழமுத்து. யானை. நல்லவர்தான். காது பெரியது, ஆனால் விசிறிக்கொள்ள மட்டுமே அதைப் பயன்படுத்துவார்.

காடு என்றதும் மரமும் புதரும் அமைதியும் என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது நெரிசலான காடு. நடுவில் கருவாலி ஆறு. வீடுகள் எல்லாம் இக்கரையில், வேலை எல்லாம் அக்கரையில். யார் இப்படி அமைத்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பாலம். காலையில் அதில் ஏறும் கன்றுக்குட்டிக்கு இறங்கும்போது கொம்பு முளைத்திருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். பாதி உண்மை.

ஆகவே ஆற்றில் பொதுப் போக்குவரத்துப் படகு விடுவது என்று முடிவானது. நான்கு நீர்நாய்கள் பின்னாலிருந்து தள்ளும் பெரிய படகு. இக்கரையில் முதல் துறையை எங்கே கட்டுவது என்று ஆராய ஓர் அலுவலகம் திறந்தார்கள். அந்த அலுவலகத்தில் ஆழம் அளப்பவன் நான்.

நான் ஓர் ஆமை. பெயர் ஓடையப்பன். அப்போது எனக்கு வயது நூற்றுப் பத்து. ஓய்வுபெற இன்னும் தொண்ணூறு வருடம் பாக்கி. படித்தவன் இல்லை. கரையில் ஒதுங்கும் காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகியவன். தண்ணீரிலேயே கிடப்பவனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று வேலை கொடுத்துவிட்டார்கள்.

முதலில் அளவுகோல் ஒன்று இருந்தது. நல்ல மூங்கில். வர்ணம் பூசி, கோடு போட்டு, அழகாக இருந்தது. ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் சேர்மன் அதைத் தின்றுவிட்டார். புதிய அளவுகோல் கேட்டு மூன்று படிவம் எழுதினோம். பழைய அளவுகோல் என்ன ஆனது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாருக்கும் துணிவு வரவில்லை. படிவம் அப்படியே நின்றது. புதியது வரும்வரை ஆமையின் கழுத்தை வைத்து அளந்துகொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

முறை எளிது. ஒரு கொடியில் கல்லைக் கட்டி ஆற்றில் இறக்க வேண்டும். கல் தரையைத் தொட்டதும் ஈரம் எதுவரை என்று பார்த்துக் கரையில் நீட்டிப் போட வேண்டும். அதன் பக்கத்தில் நான் படுத்துக் கழுத்தை நீட்டுவேன். ஈரக்கொடி எத்தனை கழுத்து நீளமோ, ஆறு அத்தனை கழுத்து ஆழம்.

படகு மிதக்க எத்தனை கழுத்துத் தண்ணீர் வேண்டும் என்பதை ஆலோசகர் சொன்னார். ஆலோசகர் ஒரு மீன்கொத்தி. நீலக் கோட்டு. எங்கிருந்தோ பறந்து வருவார், ஒரு கிளையில் உட்கார்ந்து பேசுவார், பறந்து போய்விடுவார். ஆற்றை மேலிருந்து மட்டும் பார்த்தவர். "ஐந்து கழுத்து" என்று எழுதிக் கொடுத்தார். என் கழுத்தை அவர் பார்க்கவில்லை. வெளிநாட்டு ஆமை ஒன்றின் கழுத்தை வைத்துப் போட்ட கணக்காம்.

இரண்டு இடங்கள் பட்டியலில் இருந்தன. ஒன்று தாழைமடு. இன்னொன்று ஆலமரத்துறை.

முதலில் தாழைமடுவுக்குப் போனேன். தனியாக. இளவெயில், தாழம்பூ வாசனை, மனம் நன்றாக இருந்தது. கொடியை இறக்கினேன். இறங்கிக்கொண்டே போனது. வெளியே எடுத்து நீட்டிப் போட்டுப் பக்கத்தில் படுத்துக் கழுத்தை நீட்டினேன். அப்போது தண்ணீர் குடிக்க வந்தது ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருக்கும். என்னைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வெயில் காயறீங்களா?" என்றது.

"அளக்கிறேன்" என்றேன். "இங்கே படகுத்துறை வரலாம்."

"இங்கேயா!" என்று அது ஓர் அடி துள்ளியது. "அண்ணே, நெசமாவா? என் பொந்து இந்தா இருக்கு. அக்கரையில புளியங்கொட்டை பிரிக்கிற கிடங்குல வேலை. பாலத்தச் சுத்திப் போக ரெண்டு மணி நேரம். இங்க படகு வந்தா ஒரு தும்மல்ல போயிடுவேனே!"

பெயர் செம்பாயி என்று சொன்னது. கிடங்கில் வருகையைப் பதியக் குளம்பு வைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒன்பது மணிக்குள் குளம்பை வைத்தால் பச்சை விளக்கு. ஒரு நொடி தாண்டினால் சிவப்பு. ஒரு பருவத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் மறுநாள் வர வேண்டியதில்லை.

"வேலை போனா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"மலையடிவாரத்துல அண்ணன் வீடு இருக்கு. அண்ணி சோறு போடும். போடறப்ப கூடவே ரெண்டு வார்த்தையும் போடும். சோத்த முழுங்கிடலாம்ணே. வார்த்தை தொண்டையில நிக்கும்."

அது பேசிக்கொண்டே இருந்தது. எனக்குக் கேட்கப் பிடித்திருந்தது. பிடித்தால் என் கழுத்து இன்னும் கொஞ்சம் நீளும். அந்த நிலையில் அளந்ததில் தாழைமடு நான்கு கழுத்து வந்தது.

"நாலுன்னா நல்லதா, கெட்டதாண்ணே?"

"ஐந்து வேண்டும்."

"கழுத்தக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டு அளங்களேன். அஞ்சு வந்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, இது அரசாங்க வேலை. முழுக் கழுத்தையும் நீட்டித்தான் அளக்க வேண்டும். நான் அப்படிப்பட்ட ஆமை இல்லை" என்றேன். நேர்மையாகப் பேசிவிட்ட பெருமையில் அன்று வீடு வரை தலையை நிமிர்த்தியே நடந்தேன். வழியில் இரண்டு வேர் தடுக்கியது.

மறுநாள் ஆலமரத்துறை. அங்கே சேர்மன் நேரில் வந்திருந்தார். மீன்கொத்தியும் வந்திருந்தார். சேர்மன் ஆற்றைப் பார்க்கவே இல்லை. கரையில் இருந்த வெற்றிடத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து அளந்தார்.

"மேடை இங்க போடலாம். பந்தல் இங்க. நாற்காலி இருநூறு தாங்கும். ஆலமரம் இருக்கறதால நிழல். வேற என்னய்யா வேணும் படகுத்துறைக்கு?"

"தொலைநோக்கு" என்றார் மீன்கொத்தி.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கட்டினாலும் திறப்பு விழாவுக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் கட்டுவது. கட்டடம் சில வருடம் நிற்கும், விழாப் படம் சுவரில் காலத்துக்கும் நிற்கும் என்பது கணக்கு. தாழைமடுவில் தாழம்புதர்தான் இருக்கிறது. மேடை போட்டால் முள் குத்தும்.

"ஓடையப்பா, ஆழத்தப் பாருய்யா" என்றார் சேர்மன்.

கொடியை இறக்கினேன். இறக்கியதும் கல் தரையைத் தொட்டுவிட்டது. சேர்மன் குளிக்கும்போது அவருக்கு முழங்கால்கூட நனையாத இடம் அது. எடுத்து நீட்டிப் போட்டேன். குட்டியான ஈரம். பக்கத்தில் படுத்தேன். சேர்மன் என் தலைக்கு மேல் குனிந்து, "ம், எத்தன?" என்று பிளிறினார்.

இங்கே என் உடல்நிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் என் கழுத்து தானாக உள்ளே போய்விடும். நான் செய்வதில்லை. கழுத்து செய்கிறது. என் மனைவி இருந்தவரை சொல்வாள்: "உங்களுக்கு வீட்டில்தான் கழுத்து உண்டு." அவள் போன பிறகு வீட்டிலும் அதற்கு அதிக வேலை இல்லை.

அன்று வெளியே தெரிந்தது மூக்கும் அதன் பின்னால் ஒரு மடிப்பும்தான். அதை வைத்துக் கொடியை அளந்தேன். எட்டு வந்தது.

"எட்டு, ஐயா."

"எட்டு!" என்று மீன்கொத்தி எழுதிக்கொண்டார். "எதிர்பார்த்ததைவிட மூன்று அதிகம்."

பொய் சொன்னேனா? இல்லை. கழுத்தை வைத்து அளந்தேன், எட்டு வந்தது. விதிப்படி எல்லாம் சரி. அன்றைக்கு எனக்குத் தூக்கமும் வந்தது என்பதுதான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம். ஆலமரத்தடியில்தான். பாதிக் காடு வந்திருந்தது, சுண்டல் உண்டு என்று சொல்லியிருந்ததால். மீன்கொத்தி திரையில் படம் போட்டுக் காட்டினார். ஆலமரத்துறை ஆழம் எட்டு. தாழைமடு ஆழம் நான்கு. ஆகவே தாழைமடு நிராகரிக்கப்படுகிறது.

ஒரு கிழ எருமை எழுந்து நின்றது. "யோவ், தாழமடுல எங்கப்பன் முங்கிச் செத்தான்யா. அது நாலு, இது எட்டா? இந்த ஆலமரத்துறையில நான் படுத்தா முதுகு காயுது."

"உங்கள் அனுபவம் பதிவு செய்யப்பட்டது" என்றார் மீன்கொத்தி. "ஆனால் தரவு வேறு சொல்கிறது."

"தரவு யாருடா? அவன வரச் சொல்லு, படுக்க வச்சுப் பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்து செம்பாயி எழுந்தது. "தாழமடுவ அளந்தது ஓடையப்பண்ணன்தான். அவரையே கேளுங்க. உள்ளது எதுவோ அதச் சொல்லுவாரு. அவரு அப்படிப்பட்ட ஆமை இல்ல."

இருநூறு முகங்கள் என்னைப் பார்த்தன. சேர்மனும் பார்த்தார். "ஓடையப்பா, இது நீ எடுத்த அளவுதான?"

சொல்வதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு தலை உள்ளே போய்விட்டது.

"தலைய ஆட்டிட்டான்" என்றார் சேர்மன். "குறிச்சுக்குங்க."

ஓட்டுக்குள் இருட்டாக இருந்தது. வெளியே கைதட்டும் ஒலி கேட்டது. சுண்டல் கொடுக்கும் ஒலியும் கேட்டது. எனக்கு ஒரு பொட்டலம் ஓட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு செம்பாயி வந்து ஓட்டைத் தட்டியது. "அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்."

"அடுத்த கூட்டம் எப்பண்ணே?"

"துறை கட்டி முடித்த பிறகு."

அது திரும்பிப் பாலத்துப் பக்கம் நடந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று உட்கார்ந்து உண்மையை எல்லாம் ஒரு குறிப்பாக எழுதினேன். என் கழுத்தின் இயல்பு, இரண்டு இடத்தின் சரியான ஆழம், அளவுகோலின் முடிவு உட்பட. நல்ல குறிப்பு. எழுத்துப் பிழைகூட இல்லை. யாரிடம் கொடுப்பது என்று யோசித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று நனையாமல் தாமரை இலையில் சுற்றி ஓட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பத்திரமாக இருந்தது.

துறை எழுந்தது. தூண்களுக்கான மரங்களைப் பாலத்தின் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். அதனால் பாலத்தில் பாதி அடைபட்டது. பால நெரிசலைத் தீர்க்கும் வேலை நடப்பதால் பாலத்தில் நெரிசல், பொறுத்துக்கொள்ளவும் என்று பலகை வைத்தார்கள். செம்பாயி விடியுமுன் கிளம்பியும் அந்தப் பருவத்தில் இரண்டு சிவப்பு விளக்கு வாங்கிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் அண்ணன் வீடு.

திறப்பு விழா வந்தது. சேர்மனின் ஊர்வலத்துக்காக அன்று காலை பாலத்தை முழுவதும் அடைத்துவிட்டார்கள். அக்கரைக்குப் போக வேண்டியவர்களுக்குப் படகைத் தவிர வழி இல்லை. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய படகு எட்டேகால் வரை நின்றது. முதலில் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை. பிறகு வரவேற்புரைக்கு நன்றியுரை. மீன்கொத்திக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வைக்குள் அவர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

எனக்கும் மாலை உண்டு என்றார்கள். கழுத்தைக் காணாததால் மாலையை ஓட்டின்மேல் வைத்தார்கள்.

நாற்பது பேர் படகில் ஏறினார்கள். முன்வரிசையில் செம்பாயி. என்னைப் பார்க்காத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க நான் தண்ணீரில் இறங்கினேன். சேர்மன் துதிக்கையால் பச்சைக்கொடியை அசைத்தார். நீர்நாய்கள் தள்ளின. படகு தன் நீளத்துக்கு நகர்ந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது.

மேளம் நிற்கவில்லை. நின்றால் தெரிந்துவிடும் என்று தொடர்ந்து அடித்தார்கள்.

"தள்ளுங்கய்யா!" என்றார் சேர்மன்.

"கால் தரையில முட்டுதுங்க" என்றது ஒரு நீர்நாய்.

சேர்மன் தானே இறங்கி ஒரு தள்ளு தள்ளினார். படகு முன்னே போகவில்லை, கீழே போனது. சேற்றில் நன்றாக அமர்ந்துகொண்டது. மீன்கொத்தி ஒலிபெருக்கியில், "பயணிகள் படகில் ஏறிப் பழகும் முதற்கட்டம் வெற்றிகரமாக முடிந்தது" என்று அறிவித்தார்.

மணி எட்டே முக்கால். செம்பாயி படகின் விளிம்புக்கு வந்து என்னைக் கூப்பிட்டது.

"அண்ணே, இங்க ஆழம் எத்தன?"

பழக்கத்தில் வந்துவிட்டது. "எட்டு."

"எட்டா? அப்ப உங்க முதுகு எப்படிண்ணே வெளிய தெரியுது?"

குனிந்து பார்த்தேன். தெரிந்தது. முதுகு மட்டும் இல்லை, அதன்மேல் மாலையும் தெரிந்தது. நான் நீந்தவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

"செம்பாயி, அன்றைக்கு நான்தான்..." என்று தொடங்கினேன். "என் கழுத்து..."

"அதெல்லாம் தெரியும்ணே. காடு முழுக்கத் தெரியும். கழுத்தப் பத்தி அப்புறம் பேசலாம். இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு. முதுகக் காட்டுங்க."

"என்ன?"

"ஏறிக்கிறேன். காட்டுங்கண்ணே!"

காட்டினேன். ஒரே தாவலில் ஏறி, மாலையை இறுகப் பிடித்துக்கொண்டது. "ஓடையப்பா, எங்கய்யா போற? நன்றியுரை பாக்கி இருக்கு!" என்று சேர்மன் பிளிறியது கேட்டது. கழுத்து உள்ளே போகப் பார்த்தது. ஆனால் முதுகில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது வழி பார்க்காமல் போக முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை வெளியே வைத்திருந்தேன். பல் இல்லாததால் தாடையைக் கடித்தேன்.

சேற்றைத் தாண்டும்வரை தவழ்ந்தேன். பிறகு தாழைமடுப் பக்கம் திரும்பினேன். கால் தரையை விட்டது. அங்கேதான் ஆறு ஆறாக இருந்தது. கரையில்தான் நான் ஆமை, தண்ணீரில் அவ்வளவு மோசமில்லை.

அக்கரையில் கிடங்கு வாசல். மணி ஒன்பதுக்கு ஒரு நிமிடம். செம்பாயி குதித்து ஓடி இயந்திரத்தில் குளம்பை வைத்தது.

"குளம்பு ஈரமாக உள்ளது. மீண்டும் முயலவும்" என்றது இயந்திரம்.

தரையில் தேய்த்துவிட்டு வைத்தது.

"குளம்பில் மண் உள்ளது. மீண்டும் முயலவும்."

என்னைத் திரும்பிப் பார்த்தது. கண்ணில் அண்ணி தெரிந்தாள். துடைக்கத் துணி எதுவும் இல்லை. ஓட்டுக்குள் கையை விட்டு அந்தக் குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். நல்ல காகிதம். நன்றாகத் துடைத்தது. குளம்பை வைத்தது. பச்சை.

பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே அது மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, "சரிண்ணே, சாயங்காலம் ஆறு மணிக்கு" என்று உள்ளே போய்விட்டது.

அன்று முழுவதும் எனக்கு நிம்மதி. ஒரு தவறு செய்தோம், அதைச் சரிசெய்தோம், கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன். மாலையில் போய் ஏற்றிவந்தேன். மறுநாள் காலை கண் விழித்தபோது என் வீட்டு வாசலில் செம்பாயி நின்றது. அதன் பின்னால் கிடங்கில் வேலை செய்யும் இரண்டு அணில், ஒரு பெருச்சாளி, கையில் குடையோடு ஒரு முள்ளெலி.

"வரிசையா வாங்க, தள்ளாதீங்க" என்று செம்பாயி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. "அண்ணன் தங்கமானவரு. கேட்டா மாட்டேன்னு சொல்ல வராது அவருக்கு."

ஒரு வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. 'வழித்தடம் எண் ஒன்று: ஓடையப்பன்.' எரிபொருள் செலவு இல்லை, தரைதட்டும் அபாயம் இல்லை, நிறுத்தத்துக்குக் கட்டடம் தேவை இல்லை என்று சேர்மனைப் பாராட்டி ஒரு கேடயம் கொடுத்தார்கள். சேற்றில் அமர்ந்த படகைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பயணிகள் காத்திருக்கும் கூடம் என்று பலகை மாட்டினார்கள். அதில் யாரும் காத்திருக்கவில்லை. என் வீட்டு வாசலில்தான் காத்திருந்தார்கள். மீன்கொத்தி வேறொரு காட்டுக்குப் போய்விட்டார். அங்கே பன்னிரண்டு துறைகள் கட்டப் போகிறார்களாம். அந்தக் காட்டில் ஆறு இல்லை என்று கேள்வி.

எழுபது வருடம் ஆகிறது. பயணிகள் மாறிவிட்டார்கள். புகார்ப் புத்தகம் ஒன்று என் ஓட்டில் கட்டித் தொங்குகிறது. 'வண்டி மெதுவாகப் போகிறது' என்று பாதிப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். செம்பாயி அதன்பிறகு வேலையில் இருந்தவரை ஒரு சிவப்பு விளக்கும் வாங்கவில்லை. அந்த நாட்களில் ஒருமுறை ஆற்று நடுவில், தயங்கித் தயங்கி அதனிடம் கேட்டேன்:

"செம்பாயி, நாளை ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொள்ளட்டுமா?"

"எடுத்துக்கங்கண்ணே, பாவம்" என்றது உடனே. மனம் நெகிழ்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் முதுகிலிருந்து குரல் வந்தது: "ஆனா கிடங்குல நாளைக்கு ஓவர்டைம் வச்சிருக்காங்க. காலையில எட்டு மணிக்குப் பதிலா அஞ்சரைக்கே வாசலுக்கு வந்துடுங்க."

நீதி: தவறு செய்தவன் தப்பித்துக்கொள்வான். அதைச் சரிசெய்தவன் நாளைக் காலையும் வர வேண்டும்.